பாங்காக்ல 3 நாள்: கைடை எந்த நேரத்துக்கு வச்சுக்கணும், எப்ப அனுப்பிடணும்

முதல்லயே என் கூத்தைச் சொல்லிடுறேன். பாங்காக் 2 தடவ போயிருக்கேன். முதல் தடவ நம்ம ஊரு டிராவல்ஸ்ல எல்லாரும் வாங்குற அதே பேக்கேஜ், பட்டாயா 2 நைட் பாங்காக் 2 நைட், கோரல் ஐலண்ட் உண்டு, சஃபாரி வேர்ல்ட் உண்டு, ராத்திரி இந்தியன் சாப்பாடு உண்டு. திரும்பி வந்து ரெண்டு வாரம் கழிச்சு ஆபீஸ்ல ஒரு அண்ணன் "கிராண்ட் பேலஸ் எப்படிப்பா இருந்துச்சு"ன்னு கேட்டாரு. "செமயா இருந்துச்சுண்ணே, அந்தத் தங்க புத்தர் இருக்காரே..."ன்னு நானும் ஆரம்பிச்சேன், அவரு சிரிச்சிட்டாரு. தங்க புத்தர் இருக்கிறது வேற கோயில். பேலஸ் பக்கமே எங்க பஸ் போகல, போகலங்கிறது கூட எங்களுக்குத் தெரியல.

அப்புறம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ரெண்டாவது தடவ போனப்ப எல்லாத்தையும் நானே உக்காந்து பிளான் பண்ணேன், கைடை ஒரே ஒரு அரை நாளுக்கு மட்டும் வச்சுக்கிட்டோம். அதைத்தான் இங்க எழுதுறேன். பட்டாயா பத்திக் கேக்காதீங்க, 3 நாள்னா பாங்காக் மட்டும்தான், ரெண்டையும் சேத்தா பாதி நேரம் பஸ்லயே போயிடும்.

பேக்கேஜ்லயே போறவங்க காசு கட்டுறதுக்கு முன்னாடி ஐட்டினரியை ஒரு வரி விடாம படிங்க. அதுல "ஹாஃப் டே சிட்டி டூர்"னு இருந்தா எந்தெந்தக் கோயில்னு பேரைக் கேளுங்க. பெரும்பாலும் வாட் ட்ரைமித்ங்கிற தங்க புத்தர் கோயிலும் மார்பிள் டெம்பிளும்தான் இருக்கும், முடிஞ்சதும் நேரா ஒரு நகைக்கடைக்குப் பஸ்ஸை விட்டுடுவாங்க. ரெண்டு கோயிலும் சாதாரணமான இடம்னு சொல்ல மாட்டேன். அந்தத் தங்க புத்தர் 5 டன்னுக்கு மேல எடை, ரொம்ப காலம் சுதை பூசி மூடியிருந்தாங்க, யாருக்கும் உள்ள தங்கம்னு தெரியாது, 1955ல வேற இடத்துக்குத் தூக்கி மாத்தும்போது நழுவி விழுந்து சுதை உடைஞ்சப்பதான் தெரிஞ்சது. ஆனா இந்த ரெண்டையும் பாத்துட்டு பாங்காக் பாத்தாச்சுன்னு வர்றது, மதுரைக்குப் போய் மஹால் பாத்துட்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகாம வர்ற கதைதான். அந்த நகைக்கடைல எங்களை ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சாங்க, பேர் வேண்டாம், வெளிய வர்ற கதவு எங்க இருக்குன்னே கண்டுபிடிக்க முடியல.

இன்னொன்னு, ஐட்டினரில எஸ்ஐசின்னு போட்டிருந்தா அது சீட் இன் கோச், அதாவது இன்னும் முப்பது நாப்பது பேரோட ஒரே பஸ், கடைசி ஆள் ஹோட்டல்லேர்ந்து இறங்கி வர்ற வரைக்கும் நீங்க உக்காந்திருக்கணும். பிரைவேட்னா உங்க குடும்பத்துக்கு மட்டும் வண்டி. ரெண்டுக்கும் விலை எவ்வளவு வித்தியாசம்னு கேட்டுடுங்க, 5, 6 பேர் போறீங்கன்னா பெருசா இருக்காது. டிசிஎஸ்னு (பேக்கேஜ் விக்கும்போதே பிடிக்கிற வரி) ஒரு தொகையும் சேத்து வாங்குவாங்க, அது நம்ம பான் கணக்குல ஏறிடும், ஐடி ரிட்டர்ன்ல எடுத்துக்கலாம், அதுக்கு ரசீது கேட்டு வாங்கி வச்சுக்கங்க.

இப்ப கைடு விஷயம். நம்ம ஊர்லேர்ந்து கூட வர்றவரு டூர் மேனேஜர், அவரு கைடு இல்ல. தாய்லாந்துல கைடு வேலை தாய் குடிமக்களுக்கு மட்டும்தான்னு சட்டமே இருக்கு, லைசென்ஸ் அட்டையைக் கழுத்துல மாட்டியிருப்பாங்க. அதனால தமிழ்ல விளக்கம் கிடைக்கும்னு யாராவது சொன்னா யாரு விளக்குவாங்கன்னு ஒரு தடவ கேட்டுக்கங்க. இங்கிலீஷ் கைடுதான் வருவாங்க, நல்லாத்தான் பேசுவாங்க, வீட்டுல பெரியவங்களுக்கு நீங்க மொழிபெயர்க்கணும். ஆன்லைன்ல அரை நாள் கைடு புக் பண்ணும்போது மூணு விஷயம் எழுத்துல வாங்கிடுங்க: என்ட்ரி டிக்கெட் சேத்தா சேக்காமயா, வண்டி அவங்களதா இல்ல படகும் மெட்ரோவுமா, வழியில எந்தக் கடைக்கும் போகக் கூடாது. மூணாவதைக் கேக்கக் கூச்சப்படாதீங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாம போற வசதி 2023 நவம்பர்ல வந்துச்சு, ஆனா அந்த ரூலை அடிக்கடி மாத்துறாங்க, டிக்கெட் போடுற அன்னைக்கு தாய் எம்பஸி சைட்ல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. விசா வேணுமோ வேண்டாமோ, டிடிஏசின்னு ஒரு டிஜிட்டல் அரைவல் கார்டு 2025 மே மாசத்துலேர்ந்து எல்லாரும் போடணும், போய் இறங்குறதுக்கு 3 நாளுக்குள்ள ஆன்லைன்ல, ஃப்ரீ. காசு கேக்குற சைட்டுன்னா அது கவர்மென்ட் சைட் இல்ல, மூடிடுங்க. ரிட்டர்ன் டிக்கெட்டும் ஹோட்டல் புக்கிங்கும் பேப்பர்ல ஒரு காப்பி, கொஞ்சம் கேஷ், இமிக்ரேஷன்ல கேட்டா காட்டணும். வேப், அதாவது இ-சிகரெட், பிடிக்கிற தம்பிங்க அதை வீட்டுலயே வச்சுட்டு வாங்க, அங்க அது சட்டப்படி தடை.

மாசம் பத்திக் கேட்டா நவம்பர் டு பிப்ரவரி. ஏப்ரல் நம்ம சென்னையை விட மோசம், ஆனா 13லேர்ந்து 15 வரைக்கும் சொங்க்ரான், அவங்க வருஷப் பிறப்பு, நம்ம சித்திரை ஒண்ணும் அப்பத்தான வருது, தெருவெல்லாம் தண்ணியடி, ஃபோனைப் பாலிதீன் கவர்ல போட்டுக்கிட்டு நடக்கணும். செப்டம்பர் அக்டோபர் மழை.

முதல் நாள் பெருசா எதுவும் வைக்காதீங்க. சென்னைலேர்ந்து மூன்றரை மணி நேரம்தான், ஆனா பாதி ராத்திரி ஃப்ளைட் நெறய, தூங்காம போய் இறங்குவீங்க, கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னாடி தள்ளி வைக்கணும். சுவர்ணபூமி ஏர்போர்ட்லேர்ந்து ஏர்போர்ட் ரயில் லிங்க்ல பயா தாய் வரைக்கும் 45 பாத் (அவங்க ஊரு காசு), டாக்ஸின்னா மீட்டர் 35 பாத்ல ஆரம்பிக்கும், ஏர்போர்ட் சார்ஜ் 50 தனி, எக்ஸ்பிரஸ்வே டோல் உங்க தலைல. பெட்டி நெறய இருந்தா டாக்ஸியே மேல். தெருவுல பிடிக்கிற டாக்ஸி மீட்டர் போட மாட்டேன்னா இறங்கி கிராப் ஆப்ல வண்டி போட்டுடுங்க, வாக்குவாதம் வேஸ்ட்.

தங்குறதுக்கு நம்ம ஆளுங்க பாதிப்பேர் பிரதுனாம்லதான், துணி மொத்தக் கடைங்க இருக்கு, இந்தியன் ஹோட்டல் இருக்கு. அந்த ஏரியா டிராஃபிக்ல வண்டி நகராது. ஆனா பக்கத்துலயே ஸான் ஸாப் கால்வாய் ஓடுது, அதுல நீளமா ஒரு படகு சர்வீஸ், நான் போனப்ப ஏறி உக்காந்தா கடைசி ஸ்டாப் ஃபான் ஃபா, பழைய ஊரு வாசல்ல கொண்டு போய் விட்டுடுச்சு, டாக்ஸில முக்கால் மணி நேரம் ஆகுற தூரம் இதுல கால்மணி. தண்ணி கொஞ்சம் நாறும், எதிர்ல படகு வந்தா தெறிக்கும், ஓரத்துல ஒரு கயிறு இருக்கும் அதைப் பிடிச்சு இழுத்தா தார்ப்பாய் மேல ஏறும். எங்கம்மா அந்தக் கயிறை விடவே இல்ல, டிக்கெட் குடுக்கிற அம்மா பாத்து சிரிச்சிட்டு கட்டை விரலைக் காட்டிட்டுப் போச்சு.

ரெண்டாவது நாள்தான் முக்கியமான நாள், கைடு வேண்டியதும் இன்னைக்கு மட்டும்தான். கிராண்ட் பேலஸ் காலைல 8.30க்குத் திறக்குது, 8.15க்கே வாசல்ல நிக்கணும், 10 மணிக்கு மேல டூர் பஸ்ஸுங்க வந்து கொட்டிடும். நான் போனப்ப வெளிநாட்டுக்காரங்களுக்கு 500 பாத், ஒரு பாத் ரெண்டரை மூணு ரூபான்னு மனசுல வச்சுக்கங்க, விலை அதிகம்தான், இருந்தாலும் குடுக்கலாம். டிரஸ்ல ரொம்ப கறார்: ஷார்ட்ஸ், ஸ்லீவ்லெஸ், கிழிஞ்ச ஜீன்ஸ், உள்ள தெரியுற மாதிரி மெல்லிசு துணி எதுவும் ஆகாது, ஸ்லீவ்லெஸ் மேல ஷால் போத்திக்கிட்டாலும் ஒத்துக்க மாட்டாங்க. சேலை, சுடிதார், பேண்ட் சட்டைன்னா கவலையே இல்ல, இந்த ஒரு விஷயத்துல நம்மளுக்கு லாபம்.

வாசலுக்குப் போற வழில ஒருத்தரு நிப்பாரு. அயர்ன் பண்ண சட்டை, கழுத்துல ஏதோ ஒரு அட்டை, ரொம்ப மரியாதையா, "இன்னைக்குக் காலைல பூஜை, மதியம் வரைக்கும் பேலஸ் மூடியிருக்கு, அது வரைக்கும் வேற கோயில் பாத்துட்டு வாங்க, இந்த டுக்டுக் 20 பாத்துக்குச் சுத்திக் காட்டும்"னு சொல்லுவாரு. டுக்டுக்னா அவங்க ஊரு ஆட்டோ. மூடியெல்லாம் இருக்காது. அந்த டுக்டுக் ஒரு கல் நகைக் கடைலயும் ஒரு தையல் கடைலயும் கொண்டு போய் நிறுத்தும், டிரைவருக்கு அதுல கமிஷன். பல வருஷமா நடக்குற வேலை இது, இன்னும் ஆளுங்க விழுந்துக்கிட்டுதான் இருக்காங்க. தலையாட்டிட்டு நிக்காம நேரா கவுன்டருக்குப் போங்க, மூடியிருக்கா இல்லையான்னு அங்கேயே தெரிஞ்சிடும். கைடு கூட இருந்தா இந்த ஆளு கிட்டவே வர மாட்டாரு.

உள்ள போனதும் வாட் ஃப்ரா கேவ், மரகத புத்தர் கோயில். பேரு மரகதம், கல்லு என்னமோ ஜேடு வகை, சிலை 66 சென்டிமீட்டர்தான், உச்சாணில வச்சிருக்காங்க, எதிர்பாத்துப் போனா "இவ்வளவு சின்னதா"ன்னுதான் தோணும். வெயில், மழை, குளிர்னு மூணு பருவத்துக்கும் தனித்தனி தங்க உடுப்பு, ராஜாவே வந்து மாத்துறாரு. உள்ள ஃபோட்டோ கிடையாது, உக்காரும்போது பாதம் சாமி பக்கம் நீட்டக் கூடாது, மடக்கி உக்காரணும்.

ஆனா எல்லாரும் ஓடி ஓடி கோபுரத்தைப் படம் பிடிச்சிட்டு விட்டுட்டுப் போற ஒண்ணு இருக்கு, சுத்துப் பிரகாரத்துச் சுவர். அது முழுக்க ராமாயணம், அவங்க ராமகியென்னு சொல்றாங்க, 178 ஓவியம், தங்க ரேக்கு ஒட்டுனது. இதுக்குத்தான் கைடு. ஏன்னா நம்மளுக்குத் தெரிஞ்ச கதை மாதிரியே இருக்கும், ஆனா இருக்காது. ராவணன் பேரு தோட்சகன், தசகண்டன்ங்கிறது அப்படி ஆயிடுச்சு, பச்சை உடம்பு. சீதை ராவணனோட மகள். ஹனுமான் பிரம்மச்சாரி இல்ல. கடல்ல பாலம் கட்டும்போது ராவணனோட இன்னொரு மகள், மீன் உடம்புக்காரி, கல்லையெல்லாம் எடுத்துப் போட வர்றா, ஹனுமான் அவளையே மயக்கிடுறாரு. எங்க கைடு அக்கா இதைச் சொல்ல, நான் தமிழ்ல சொல்ல, எங்கப்பா சனிக்கிழமை தவறாம வடமாலை சாத்துற ஆளு, "என்னம்மா சொல்லுது இந்தப் பொண்ணு"ன்னு என்னை முறைக்கிறாரு. அப்புறம் அரைமணி நேரம் அந்தச் சுவரை விட்டு நகரல, ஒவ்வொண்ணையும் "இது இந்திரஜித்தா, இது கும்பகர்ணனா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. வாசல்ல ஜோடி ஜோடியா நிக்கிற யட்சனுங்க கூட ராமகியென் ஆளுங்கதான், அதுல பச்சையா இருக்கிறவரைப் பாத்து "நம்ம ராவணன்"னு அவரே கண்டுபிடிச்சாரு.

அங்கேர்ந்து தெக்கால நடந்தா வாட் ஃபோ, பள்ளிகொண்ட புத்தர், 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். முகத்தை மட்டும் பாத்துட்டுத் திரும்பிடாதீங்க, கால் பக்கம் போங்க, பாதத்துல முத்துச்சிப்பி இழைச்சு 108 மங்கலச் சின்னம் பண்ணியிருக்காங்க. பின்னாடி வரிசையா 108 வெண்கலக் கிண்ணம், சில்லறை வாங்கி ஒவ்வொண்ணுலயும் ஒரு காசு போட்டுக்கிட்டே போகலாம், கூட்டமா எல்லாரும் போடும்போது அந்தச் சத்தம் ரொம்ப நல்லா இருக்கும். டிக்கெட் 300. தாய் மசாஜுக்கு இதுதான் தாய்வீடு, கோயிலுக்குள்ளயே மசாஜ் ஸ்கூல், 1955லேர்ந்து நடக்குது, பெரியவங்களுக்குக் கால் மசாஜ் மட்டும் போட்டு விடுங்க, காலைலேர்ந்து நடந்த நடைக்கு அது தேவைப்படும்.

இங்க கைடுக்கு நன்றி சொல்லி அனுப்பிடலாம். இதுக்கு மேல நீங்களே பாத்துக்கலாம், எல்லாம் கண்ணுக்கு எதிர்லயே இருக்கு. தா தியன் படகுத்துறைல 5 பாத் குடுத்தா ஆத்தைத் தாண்டி வாட் அருண், அருணன் கோயில், உடைஞ்ச சீனப் பீங்கான் சில்லுல பூ வேலை பண்ணிக் கட்டுனது. படி செங்குத்தா இருக்கும், மூட்டு வலிக்காரங்க கீழயே உக்காந்துக்கட்டும். வாடகை தாய் டிரஸ் போட்டு ஃபோட்டோ எடுக்கிற கும்பல் அதிகம், அது ஒரு வேடிக்கை.

சாயங்காலம் தெம்பு இருந்தா ஜயன்ட் ஸ்விங் பாருங்க, வாட் சுதாத் கோயில் முன்னாடி நடு ரோட்டுல நிக்கிற செகப்பு தேக்கு மரத் தூண் ரெண்டு, 20 மீட்டருக்கு மேல உசரம். சும்மா பாத்தா பெரிய கேட் மாதிரி இருக்கும். முன்ன இதுல ஊஞ்சல் கட்டி ஆடியிருக்காங்க, 1935லேர்ந்து ஆடுறதை நிறுத்திட்டாங்க. அந்தத் திருவிழாவுக்குப் பேரு த்ரியம்பவாய் த்ரிபவாய். வாய்விட்டு ஒரு தடவ சொல்லிப் பாருங்க. திருவெம்பாவை, திருப்பாவை. பக்கத்துலயே தேவஸ்தான்னு ஒரு சின்ன பிராமணர் கோயில், அங்க ராஜ சபைப் பிராமணர்கள் இன்னும் மார்கழி தை வாக்குல அந்தச் சடங்கைப் பண்ணுறாங்க, திருவெம்பாவைப் பாட்டை அவங்க வாய்ல வர்ற மாதிரி உருமாறுன உச்சரிப்புல ஓதுறாங்க. ஊஞ்சல் போயிடுச்சு, பாட்டு நிக்குது. எந்த பேக்கேஜ்லயும் இந்த இடம் வராது.

மூணாவது நாள் ரயில்லயே சுத்துங்க, பிடிஎஸ் ஸ்கைட்ரெயினும் எம்ஆர்டி மெட்ரோவும் போதும். காலைல சீலோம் ரோட்டுல மாரியம்மன் கோயில், 1879 வாக்குல அங்க போய்ச் சேந்த தமிழருங்க கட்டுனது, கோபுரம் அப்படியே நம்ம ஊரு கோபுரம். தாய்க்காரங்க வாட் கேக்னு சொல்லுவாங்க, அந்தப் பேரைச் சொன்னாதான் டாக்ஸிக்காரருக்குத் தெரியும். கும்பிட வர்றவங்கள்ல தாய் மக்கள்தான் அதிகம், தட்டுல தேங்கா பழம் பூவோட வரிசைல நிப்பாங்க, நம்ம பின்னாடிதான் நிக்கணும். உள்ள ஃபோட்டோ எடுக்கக் கூடாது. அப்புறம் சித் லோம் ஸ்டேஷன்ல இறங்குனா எராவன் பிரம்மா, 1956ல ஹோட்டல் கட்டும்போது விபத்தா வந்துக்கிட்டிருந்ததுன்னு வச்ச சன்னதி, வேண்டுதல் நெறவேறுனவங்க காசு கட்டி டான்ஸ் ஆட வைப்பாங்க. சனி ஞாயிறா இருந்தா சதுசக் மார்க்கெட், அதுக்கு ஒரு முழு மதியம் வேணும். மிதக்கும் மார்க்கெட் கேப்பீங்க, தம்னோன் சதுவாக் 100 கிலோமீட்டர் தள்ளி, அரை நாள் போயிடும், 3 நாள் டூர்ல நான் போக மாட்டேன்.

சாப்பாடு. அசைவம் சாப்பிடுறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம், யாவராட் சைனா டவுன்ல ராத்திரி இறங்கிடுங்க, மோப்பம் பிடிச்சே போயிடலாம். சைவம்னா கொஞ்சம் உஷார், காய்கறின்னு சொன்னாலும் நாம் ப்லா, அதான் மீன் சாஸ், ஊத்திடுவாங்க, அது அவங்களுக்கு உப்பு மாதிரி. "ஜே"ன்னு சொல்லுங்க, அது முட்டை, மீன், பூண்டு வெங்காயம் கூட இல்லாத சுத்த சைவம். மஞ்சக் கொடில செகப்பு எழுத்துல கிட்டத்தட்ட 17 மாதிரி ஒரு குறி போட்டிருந்தா அது ஜே கடை. அம்மாவுக்கு 3 நாளும் ஓடுனது மாம்பழமும் தேங்காப்பால் ஊத்துன ஒட்டரிசியும்தான், நம்ம சர்க்கரைப் பொங்கல்ல வெல்லத்துக்குப் பதிலா மாம்பழம் வச்ச மாதிரின்னு அவங்களே ஒரு விளக்கம் குடுத்துக்கிட்டாங்க. குழாய்த் தண்ணி குடிக்காதீங்க.

ராஜ குடும்பத்தைப் பத்தி ஜோக்கா கூட எதுவும் பேச வேண்டாம், அது ஜெயில் வரைக்கும் போற சட்டம். காலை 8 மணிக்கும் சாயங்காலம் 6 மணிக்கும் ஸ்டேஷன், பார்க்ல தேசிய கீதம் போடுவாங்க, எல்லாரும் அப்படியே நின்னா நீங்களும் நின்னுடுங்க.

கடைசி ராத்திரிக்கு எல்லாரும் ரிவர் குரூஸ் புக் பண்ணுவாங்க, தப்பில்ல, ஆனா பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் பேச முடியாது. நாங்க அதுக்குப் பதிலா பாக் க்லோங் தலாத் பூ மார்க்கெட் போனோம், ராத்திரியெல்லாம் திறந்திருக்கும், சனாம் சாய் மெட்ரோலேர்ந்து நடக்கிற தூரம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டையும் கோயம்பேட்டையும் பாத்தவங்களுக்கு இந்த சாமந்தி மூட்டையெல்லாம் புதுசு இல்ல. ஆனா அங்க பூவை நாரால கட்டல, ஒரு முழ நீள ஊசில மல்லி மொட்டு மொட்டா குத்திக் கோக்குறாங்க. ஒரு பாட்டி கோத்துக்கிட்டிருந்த மாலைல வெள்ளையா மெழுகுல செஞ்ச மாதிரி ஒரு பூ. அம்மா குனிஞ்சு தொட்டுப் பாத்துட்டு "ஏய், இது எருக்கம்பூடா"ன்னாங்க. எருக்கம்பூவேதான். நம்ம ஊர்ல பிள்ளையாருக்குப் போட்டா உண்டு, வேற யாரும் வீட்டுக்குள்ள கொண்டு வர மாட்டோம், அங்க அதுக்கு பேரு டோக் ராக், காதல் பூ, கல்யாணத்துக்கே வைக்கிறாங்க. அம்மா ஒரு மாலை வாங்கி ஹோட்டல் ரூம்ல டிவி மேல சாத்தி வச்சுட்டு, மறுநாள் ரூமைக் காலி பண்ணும்போது அதை எடுக்கவா விடவான்னு வாசல்ல நின்னு 5 நிமிஷம் யோசிச்சாங்க. கீழ கிராப்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டிருந்தாரு.